பலாலியும் மீனம்பாக்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்திருப்பது பலாலி விமானத் தளம். தேசப்படத்தை விரித்து, அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு ஒரு நூலைப் பிடித்தால் அது ஏறக்குறைய நேர்வடக்காகச் செல்லும். தூரம் சுமார் 355 கிலோமீற்றர். தெற்கே கட்டுநாயக்காவுக்கு அதே நூல் 290 கிலோமீற்றர் காட்டும். திருச்சிராப்பள்ளிக்கோ 185 கிலோமீற்றர்தான். குடாநாட்டவருக்குக் கொழும்பினும் திருச்சியே அண்மையிலுள்ள நகரம்.

ஆனால் பிரயாணம் நூலளவில் நடப்பதன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த தளம் இது. 1947 டிசெம்பர் 10ஆந் தேதி எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிற் புறப்பட்டு, இங்கே இறங்கி, சென்னை சென்றது. ஓடியது டக்கோட்டா விமானம். அச்சேவை பிற்காலத்தில் நின்றது. 1983இல் போர் மூண்டபின் பலாலி இராணுவத்தின் பெருந்தளமாயிற்று. சுற்றியிருந்த ஊரவர் 1990இல் இடம்பெயர, அவர்களுடைய காணிகள் பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டிருந்தன. இவ்விமானத் தளத்தின் கதையிலே அதனையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

போர் ஓய்ந்தபின்னும் சென்னை செல்பவர் முதலில் தெற்கு நோக்கியே போனார். கொழும்புவரை பஸ்ஸிலே ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஓர் இராப்பொழுது. கட்டுநாயக்காவிலே சில மணிநேரக் காத்திருப்பு. பின்னர் வடக்கே 640 கிலோமீற்றர் வான்வழி. யாழ்ப்பாணத்தின் அட்சக்கோட்டை மீண்டும் கடந்துதான் சென்னையை அடைந்தார். சுன்னாகத்திலே இராச்சோறு உண்டு புறப்பட்டவர், மறுநாட் பகலிலே மீனம்பாக்கத்தில் இறங்கினார்.

2019 ஒக்டோபர் 17ஆந் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11ஆந் தேதி அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் நின்ற அது 2022 டிசெம்பரில் மீண்டது. 2024இல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்னும், சுழல்விசிறி பூண்ட சிறிய விமானம். நடுவானில் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகம். கணக்குப்படி 355 கிலோமீற்றருக்கு முக்கால் மணி போதும். எனினும் ஓடுபாதைவரை ஊர்ந்து, மேலேறி, பின்னர் மெல்ல இறங்குவதற்குள் ஒரு மணிக்கு மேலாகிவிடும். கொழும்பிலிருந்து ஜெட் விமானம் 640 கிலோமீற்றரைக் கடப்பதற்கும் இதைவிட அதிகம் செல்லாது. ஆகவே மிச்சமான காலம் வானிலே அன்று, தரையிலேதான் மிச்சமாயிற்று.

மரணச் செய்தி வந்த வீட்டிலே இக்கணக்கு நன்கு விளங்கும். தமிழர் வழக்கிலே பிரேதத்தை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. கொழும்பைச் சுற்றி வந்த பிள்ளை பல வேளை சாம்பலைத்தான் கண்டது. இன்று கையிலே விசாவும், அன்றைய விமானத்தில் ஓர் இடமும் இருந்தால், காலையிற் செய்தி கேட்டவர் பொழுதுபடுமுன் வீட்டு முற்றத்தை மிதிக்கலாம்.