வீட்டு இணையத்தைத் தீர்ப்பது யார்?



மலாக்காவில் பட்டணத்து வீட்டுக்குக் கண்ணாடியிழை வந்துவிட்டால் பெரும்பாலும் டேட்டாவுக்கு அளவில்லை. ஜாசின், ஆசகான், மெர்லிமாவ் பக்கம் இழை எட்டாத தோட்ட வீடுகளுக்கோ சிம் அட்டை போட்ட மோடம்தான் கதி. மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வகுப்பு வீட்டுக்குள் வந்தபோது இந்த வேறுபாடு சுட்டது. மாதம் முடியுமுன்பே டேட்டா தீரும். பாடம் பாதியில் நிற்கும். "எந்நேரமும் போன்தானா?" என்று திட்டு வாங்கியது பிள்ளை. அது பல வீடுகளில் அநியாயமான திட்டு.

கணக்கைப் பாருங்கள். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை இழுக்கும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. மாதம் 60 ஜிபி உள்ள வீட்டில் பெரியவர்கள் இரவு 2 மணி நேரம் எச்டியில் படம் பார்த்தால் 10 நாளில் காலி. பிள்ளையின் வகுப்பு விநாடிக்கு 1 மெகாபிட் எடுத்தாலும் மணிக்கு 450 எம்பிதான். விளம்பரத்தில் வேகத்தைப் பிட்டில் போடுகிறார்கள், டேட்டா குறைவதோ பைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். தொலைபேசிக் கம்பியில் நிமிடக் கணக்கில் கட்டணம் கட்டிய காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை, கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

இதைவிடப் பெரிய தின்னி, வாசலில் மாட்டிய கேமரா. விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் வெளியே அனுப்பினால் நாளொன்றுக்கு 10.8 ஜிபி! 60 ஜிபி ஆறு நாள்கூடத் தாங்காது. அசைவு தெரிந்தால் மட்டும் பதியச் சொல்லுங்கள். அல்லது உள்ளே மெமரி கார்டு போடுங்கள்.

லயத்து வீடுகளில் இன்னொன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அன்பாகச் சொன்ன வைஃபை கடவுச்சொல் நாலு வீடு தாண்டியிருக்கும். மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை உலாவியில் தட்டினால் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்று தெரியும். தெரியாத பெயர் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பையனிடம் முதலில் சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் வேண்டாம்.

தொலைக்காட்சியில் காட்சித் தரத்தை 480-க்கு இறக்குங்கள். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்துங்கள். கணினியில் அந்த வைஃபையை 'மீட்டர்ட்' என்று குறித்துவிட்டால் விண்டோஸின் பெரும்பாலான புதுப்பிப்புகள் கேட்காமல் இறங்கமாட்டா.