எண்ணெய் வாங்கும் நேரம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டு நிறைவு நாளில் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் யோசிக்கக்கூடும். சங்கச் செயலாளர் இந்தத் தலைப்பைத் தந்தபோது நானும் அப்படித்தான் யோசித்தேன். பிறகு எங்கள் வேதபாட வகுப்பு நினைவுக்கு வந்தது. அந்த வகுப்பில் சைவப் பிள்ளைகளும் எங்களோடு இருந்து படித்தார்கள். மத்தேயு சுவிசேஷம் 25ஆம் அதிகாரத்திலுள்ள பத்துக் கன்னிகைகளின் உவமையை ஆசிரியை சொல்லி முடித்ததும், பின்வாங்கிலிருந்த ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மிஸ், எண்ணெய் வைச்சிருந்த ஐந்து பேரும் மற்றவைக்குக் கொஞ்சம் குடுத்திருக்கலாம்தானே? அது சுயநலம் இல்லையோ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. இதை மறந்துபோகாதேங்கோ. வாழ்க்கை பதில் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

உவமை உங்களுக்குத் தெரிந்ததே. பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப் பேரும் மணவாளனுக்காகவே காத்திருந்தார்கள். அவர் வரத் தாமதமானபோது பத்துப் பேரும் நித்திரையாகிப்போனார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் கண்விழித்துக் காவல் இருக்கவில்லை. அவர்களும் நன்றாகத் தூங்கினார்கள். ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் நடு இராத்திரியில் உண்டானதல்ல. அது பகலிலேயே, கடை திறந்திருந்த நேரத்திலேயே உண்டாகிவிட்டது. சத்தம் கேட்ட பிறகு ஆயத்தம் செய்ய நேரம் இருக்கவில்லை. செய்து வைத்த ஆயத்தந்தான் அப்போது வெளியே தெரிந்தது.

ஆனால் மனிதருக்கு ஆயத்தத்தைவிடத் தேதியிலேதான் ஆசை அதிகம். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். பக்தியுள்ள மனிதர். தானியேல் புத்தகத்தை வருடக்கணக்காகப் படித்துக் கணக்குப் பார்த்து, கிறிஸ்துவின் வருகை சமீபித்துவிட்டது என்று பிரசங்கித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் தேதியைக் குறித்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுவடை செய்யாமலே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. மறுநாள் காலையில் அவர்கள் அழுத அழுகை சபைச் சரித்திரத்தில் பெரும் ஏமாற்றம் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. எங்கள் காலத்திலும் 2011ஆம் ஆண்டு மே 21ஆம் தேதியை ஒரு அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் குறித்துக் கொடுத்தார். அதுவும் கடந்துபோனது. இன்று வட்ஸ்அப்பில் வாரத்துக்கொரு தேதி வருகிறது.

அதே 1844ஆம் ஆண்டில், அதே நியூயோர்க்கில் பிறந்த ஒரு பெண் எங்கள் உடுவிலில் இருந்தார். எலைசா அக்னியூ அம்மையார். 1840இல் யாழ்ப்பாணம் வந்தவர். 1879 வரை உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நடத்தினார். ஒரு தடவைகூடத் தன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். 1883இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். அவரும் ஆண்டவர் வருவார் என்று விசுவாசித்தவர்தான். ஆனால் வருவதற்கு முன் வகுப்புக்கு மணி அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்ட வேண்டும், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. இந்த மண்ணில் நாங்கள் படித்து வந்தது, அவரைப்போன்ற பெண்கள் காத்திருந்த நாட்களில் சும்மா இருக்காததால்தான்.

இது புதிய படிப்பினை அல்ல. கி.பி. 50ஆம் ஆண்டளவில் தெசலோனிக்கேயச் சபையிலும் சிலர், வருகை நெருங்கிவிட்டதே, இனி வேலை எதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கூடாரத் தொழில் செய்த பவுல் அவர்களைக் கண்டித்து எழுதினார். அமைதியாக இருந்து சொந்தக் கையால் உழைக்கும்படியும், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருக்கும்படியும் புத்தி சொன்னார். வருகையைப் பற்றி அதிகம் பேசும் நிருபங்களிலேயே அன்றாட வேலையைப் பற்றிய புத்தியும் இருக்கிறது.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கந்தான்.

1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடை. கிடைத்தாலும் தீ விலை. அரிக்கன் லாம்பு எண்ணெயைக் குடித்துவிடும் என்று ஜாம் போத்தல் விளக்கு வந்தது. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் கோத்த மெல்லிய திரி. என் வயதினர் அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தோம். அயலிலே பிள்ளை படிக்க எண்ணெய் இல்லை என்றால், அம்மா எங்கள் போத்தலிலிருந்து பாதியை ஊற்றிக் கொடுப்பார். அப்போது வகுப்பிலே எழுந்த கேள்வியை நினைத்துக்கொள்வேன். எண்ணெயைக் கொடுக்கலாந்தானே!

ஆனால் ஒரு வேலிக்கு அப்பால் மட்டும் அம்மாவின் எண்ணெய் போனதில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அடுத்த வளவில் இருந்தார். வேலி அடைக்கும்போது கதியாலை அரை முழம் தள்ளி நட்டதாகச் சண்டை. யார் தள்ளியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏழு வருஷம் இரண்டு வீட்டாருக்கும் பேச்சு இல்லை. ஒரே கோயிலுக்குத்தான் போனோம். அம்மா இடது பக்க வாங்கில், மாமி வலது பக்க வாங்கில். இருவரும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தார்கள்.

அம்மா எப்போதும் ஆயத்தமாக இருந்தவர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் சோதனைப் பெறுபேறுகள், ஒரு சிறிய வேதாகமம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி பின்னேரம் ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, ஐந்து நிமிஷத்தில் அந்தப் பை அம்மாவின் தோளில் இருந்தது.

அந்த இரவை இங்குள்ள பலர் அறிவீர்கள். மழை. இருட்டு. இலட்சக்கணக்கான சனம் ஒரே பாதையில். நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி வைக்கவே எத்தனையோ நேரம் சென்றது. அங்கே எங்களுக்குப் பத்துப் பேருக்கு முன்னால் மாமி தனியாக நின்றார். தலையில் ஒரு சாக்கு, கையில் ஒரு கூடை. அம்மா கண்டுவிட்டார். கூப்பிட வாய் எடுத்தது எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "இப்ப இந்தச் சனத்துக்கை எப்பிடிக் கதைக்கிறது? சாவகச்சேரியிலை கண்டு கதைப்பம்" என்றார்.

சாவகச்சேரியில் மாமியைக் காணவில்லை. கிளாலி கடந்து வன்னிக்குப் போய்விட்டதாக அறிந்தோம். அடுத்த வருஷம் மலேரியாக் காய்ச்சலில் அங்கேயே இறந்துவிட்டார். செய்தி எங்களுக்கு வந்தது மூன்று மாதம் கழித்து.

நாங்கள் 1996 சித்திரையில் வீடு திரும்பினோம். மாமியின் செய்தி வந்த அன்று அம்மா ஆளைப் பிடித்து அந்த வேலியைப் பிரிப்பித்தார். அப்பால் வர ஆள் இல்லாத வேலி. அன்று இரவு என்னிடம் சொன்னார்: "அந்தப் பையிலை எல்லாத்தையும் எடுத்து வைச்சன் பிள்ளை. அவவோடை ஒரு சொல்லுக் கதைக்கிறதை மட்டும் வைக்கேல்லை."

அப்போதுதான் வேதபாட வகுப்புக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. மண்ணெண்ணெயை அயலுக்குக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடன் வாங்க முடியாத எண்ணெய் ஒன்று இருக்கிறது. அம்மா சொல்ல வேண்டிய மன்னிப்பை அம்மாவுக்காக நான் சொல்ல முடியாது. நான் செய்யாமல் விட்ட ஜெபத்தை என் தோழி எனக்காகச் சேமித்து வைக்க முடியாது. அந்த ஐந்து பேரும் சுயநலத்தால் மறுக்கவில்லை. கொடுக்கக்கூடிய பொருளாக அது இருக்கவில்லை.

யுத்தத்திலும், 2004 மார்கழி 26ஆம் தேதி கடல் வந்தபோதும், கொரோனாக் காலத்திலும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் கடைசிக் காலம் வந்துவிட்டது என்று சொன்னோம். உலகத்தின் கடைசி நாள் எப்போது என்று பிதா ஒருவரே அறிவார். ஆனால் மாமியின் கடைசி நாள் வந்துவிட்டது. அம்மாவின் நாளும் வந்துவிட்டது. என் நாளும் வரும். ஆண்டவர் என் வீட்டு வாசலுக்கு வரும் நேரம் எனக்கு அதுதான்.

அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, சகோதரிகளே. உவமையில் வருகிறவர் மணவாளன், போகும் இடம் கலியாண வீடு. பயத்தால் வரும் ஆயத்தம் ஒரு கிழமைதான் நிற்கும். அன்பினால் வரும் ஆயத்தம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். காலையில் பத்து நிமிஷம் ஜெபம். வாங்கிய கடனைத் திருப்புதல். வயதுபோன ஆசிரியையைப் போய்ப் பார்த்தல். சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சூரியன் இருக்கும்போதே சொல்லுதல்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் இதையே சொல்லுகிறேன். எங்களுக்குள்ளும் வேலிகள் உண்டு. சீட்டுக் காசால் வந்தது, சம்பந்தம் பேசி வந்தது, ஊரை விட்டுப் போனவர் இருந்தவர் என்று வந்தது. நூறு வருஷச் சங்கத்தில் இவை இல்லாமல் இராது. மலரின் கடைசியில் விலாசங்கள் அச்சிடுவார்கள். அதிலே நீங்கள் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு பெயர் இருந்தால், அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

எனக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். பதினாறு வருஷமாகப் பேச்சு இல்லை. இந்த உரையை எழுதிக்கொண்டு அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நேற்று இரவு தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, அவ எடுக்கவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் மறுபடியும் எடுப்பேன்.

ஆண்டவர் வரும்போது எங்கள் ஒவ்வொருவருடைய விளக்கிலும் எண்ணெய் இருக்க அவர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.