முள்ளந்தண்டு முறிவும் நல்ல நேரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற வைகாசியில் எங்கள் அயலவர் ஒருவர் மாலை வேளையிற் பனையிலிருந்து விழுந்தார். முள்ளந்தண்டு முறிந்தது. விலாவென்புகளும் ஒரு தொடையென்பும் உடன் முறிந்தன. மறுநாள் நண்பகலே சத்திர சிகிச்சை என்று வைத்தியர் சொன்னபோது, வீட்டுப் பெரியவர் பஞ்சாங்கத்தை விரித்தார். அன்று அட்டமி, அடுத்த நாள் நவமி. "இரண்டு நாள் பொறுத்தால் என்ன குறைந்துவிடும், தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

அந்தக் கேள்வியை அவர் மட்டுமா கேட்டார்? உலகத்து வைத்தியர்களும் நெடுங்காலம் அதையே கேட்டார்கள். பல காயம் பட்டவன் கத்தியைத் தாங்கமாட்டான், முதலிலே தேறட்டும் என்பது பழைய கொள்கை. அப்படிக் கிடத்தப்பட்டவனுக்கு நுரையீரலிற் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். முதுகிற் படுக்கைப்புண் வரும். 1989இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து வைத்தியர்கள் தொடையென்பு முறிந்த 178 பேரின் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பல காயம் பட்டவர்களுள், 24 மணி நேரத்துக்குள் என்பு பொருத்தப்பட்டோருக்கே நுரையீரற் கோளாறு குறைவாயிருந்தது. முள்ளந்தண்டுக்கும் இது பொருந்தும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆனால் அவசரமும் ஆளைக் கொல்லும். விழுந்தது முதலாவது அடி என்றால், நீண்ட சத்திர சிகிச்சை இரண்டாவது அடி. இரத்தம் போய், உடம்பு குளிர்ந்து, இரத்தம் உறையாமற் கிடப்பவனை மேசையிலேற்றுவது ஆபத்து. ஆகையால் முதலில் மூச்சு, இரத்தப்போக்கு, பிறகே என்பு. உடம்பு மீண்டதா என்பதை இரத்தத்தின் அமிலநிலை காட்டும். லக்ரேற்று லீற்றருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிட்டால், 36 மணி நேரத்துக்குள் முள்ளந்தண்டை நிலைப்படுத்தலாம் என்பது ஒரு விதி. முதலில் முதுகுப்புறமாகக் கம்பியும் திருகாணியும் பூட்டுவார்கள். முன்புறத்து வேலை தேவையென்றால் சில நாள் கழித்துச் செய்வார்கள். ஏனெனில் இரண்டாம் நாள் தொடங்கி நாலாம் நாள் வரை உடம்பு முழுவதும் அழற்சியாற் கொதித்துக்கொண்டிருக்கும். பெரிய சத்திர சிகிச்சைக்கு அது மிகக் கெட்ட வேளை. பெரியவர் கேட்ட இரண்டு நாட் பொறுத்தல் நேரே அதிலேதான் போய் விழும்! இந்த அட்டவணை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

முண்ணாண் நசுங்கியிருந்தால் நேரம் இன்னும் அருமையாகும். கழுத்திலே முண்ணாண் நசுங்கிய 313 பேரைப் பற்றிய வட அமெரிக்க ஆராய்ச்சி 2012இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் நெருக்கம் நீக்கப்பட்டோரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பேரும், பிந்தியவர்களில் ஒன்பது பேரும் இரண்டு படி தேறினர். எல்லோரும் நடந்துவிடுவதில்லை என்பதையும் அந்த எண்களே சொல்கின்றன. வேலூர் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் மோட்டார் விபத்தில் முகமும் முள்ளந்தண்டும் காயப்பட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார்; 1966இல் வேலூரிற் புனர்வாழ்வு நிலையம் ஒன்றையும் உருவாக்கினார்.

நம்மவர் நேரத்தை இழப்பது வைத்தியசாலையில் மட்டுமல்ல, ஒழுங்கையிலுந்தான். விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுகிறோம். முறிந்த என்பு முண்ணாணை அறுப்பதற்கு அதுவே போதும். 1990 இலக்கத்து இலவச அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறது. அது வரும்வரை அவரை அசைக்காதீர்கள். அசைக்கத்தான் வேண்டுமென்றால், தலையும் உடலும் ஒரே மரக்குற்றி போலத் திரும்ப நாலு பேர் பிடியுங்கள்.

எங்கள் அயலவர் பஞ்சாங்கப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். "விழும்போது நான் நாள் பார்க்கேல்லையே, அண்ணை" என்று சொல்லிப் பேனையை வாங்கினார். இப்போது தடியூன்றி வாசல்வரை வருகிறார். இடக்கால் இன்னும் முழுதாக வரவில்லை.