அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கு

இன்னைக்கு எபிசோட்ல ஒரு கையைப் பத்திப் பேசப்போறேன். என் அப்பாவோட வலது கை.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருக்கு. அப்பா நாப்பது வருஷமா கோர்வைச் சேலை நெய்தவர். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் தறியிலேயே கோத்து இணைக்கிறதுதான் கோர்வை. அதுக்கு மூணு நாடா ஓடணும். குழிக்குள்ள கால் மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும், கண் இழை மேல இருக்கும். வாய் மட்டும் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளோட கதை பேசிக்கிட்டே இருக்கும்.

ஒரு நாள் விடியக்காலையில பக்கவாதம். மூளையோட இடது பக்கம் பாதிச்சதால வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில உயிரைக் காப்பாத்திட்டாங்க. அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்"னு சொன்னாங்க. அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

ஆறு வாரம் அப்படியே போச்சு. அம்மா ஊட்டிவிட்டாங்க, நான் சட்டை மாட்டிவிட்டேன், சொந்தக்காரங்க ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்தாங்க. எல்லாமே பாசத்துலதான். ஆனா அந்த ஆறு வாரத்துல அப்பா தானா செஞ்ச வேலைன்னு ஒண்ணுகூட இல்ல. இன்னொண்ணும் நடந்துச்சு. பேச்சு வரலைன்னா புத்தியும் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு, தறியை வித்துடலாமான்னு அவர் முன்னாடியே பேசினோம்.

அப்புறம்தான் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லி மூணு தெரபிஸ்ட்களைப் பாத்தோம்.

பிசியோதெரபிஸ்ட் முதல்ல கட்டில்ல புரள வெச்சார், அப்புறம் உக்கார வெச்சார், நிக்க வெச்சார். திரும்பத் திரும்ப அதே அசைவு. அடிபட்ட இடத்தோட வேலையை மூளையோட மத்த பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும், ஆனா செஞ்சு பாத்தாத்தான் கத்துக்கும்னு விளக்கினார். எண்ணெய் தேய்க்கிறது இதமா இருக்கும், ஆனா அப்பா செய்யவேண்டிய அசைவை அது செஞ்சுடாது.

அடுத்தது ஸ்பீச் தெரபிஸ்ட். அந்த மேடம் முதல்ல ஒரு ஸ்பூன் தண்ணி கொடுத்துப் பாத்தாங்க. அப்பாவுக்கு உடனே இருமல் வந்துச்சு. பக்கவாதத்துக்கு அப்புறம் விழுங்குறதும் தடுமாறும், தண்ணி நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வரலாம். அதைக் கவனிக்கிறதும் இவங்க வேலைதான்னு அன்னைக்குத்தான் தெரியும். அப்புறம் மேஜை மேல சீப்பு, சாவி, ஒரு நாடா, மூணையும் வெச்சு, "நாடா எது, காட்டுங்க ஐயா"ன்னாங்க. அப்பா இடது கையால சரியாக் காட்டினார். சாவியையும் காட்டினார், சீப்பையும் காட்டினார்.

"இதுக்குப் பேர் அஃபேசியா. வார்த்தையை வெளிய கொண்டுவர முடியல, அவ்வளவுதான். நீங்க பேசுறது பெரும்பாலும் அவருக்குப் புரியுது"ன்னாங்க.

அப்படின்னா தறியை விக்கிற பேச்சு? அதையும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்திருக்கார். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

வைகாசி கருட சேவை அன்னைக்கு வரதராஜப் பெருமாளைப் பாக்க அவரை வீல்சேர்ல கூட்டிட்டுப் போனோம். கூட்டம் குரல் கொடுத்ததும் அப்பா தெளிவா "கோவிந்தா"ன்னார். அம்மா அழுதுட்டாங்க, பேச்சு வந்துடுச்சுன்னு நினைச்சோம். மேடம் பொறுமையாச் சொன்னாங்க: பழகிப்போன வார்த்தை, பாட்டு, எண்ணிக்கை எல்லாம் யோசிக்காம தானா வரும். சொந்தமா ஒரு வாக்கியம் அமைக்கிறது வேற வேலை. ஆனா அந்தத் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அங்க போகலாம். அவர் முதல்ல சொந்தமாச் சொன்ன வார்த்தை "வேணாம்". எதுக்குன்னா, ரசத்துக்கு!

மூணாவது ஆக்குபேஷனல் தெரபி. பேரைக் கேட்டு, வேலை வாங்கித் தர்றவங்கன்னு நினைச்சேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே "இவர் திரும்ப எதைச் செய்ய ஆசைப்படுறார்?". அப்பா தறியைப் பாத்தார். அங்கிருந்துதான் பயிற்சி ஆரம்பிச்சது. சட்டைப் பொத்தான், சோத்துத் தட்டு, அப்புறம் நூல். முதல் உலகப்போர்ல காயம்பட்ட சிப்பாய்களுக்கு அமெரிக்காவுல நெசவையும் கூடை பின்றதையும் சிகிச்சையாவே கொடுத்தாங்களாம். எங்க வீட்டுல அந்தச் சிகிச்சைக் கருவி முன்னாடியே இருந்திருக்கு. அதைத்தான் விக்கப் பாத்தோம்.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு பெரிய முன்னோடி இருந்தாங்க. வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல நடந்த விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, ரெண்டு காலும் செயலிழந்துடுச்சு. வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சாங்க. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு மையம் திறந்தாங்க. உயிர் பிழைச்சவர் எப்படி வாழப்போறார்னு கேக்கறதும் மருத்துவம்தான்னு வாழ்ந்து காட்டினவங்க.

இப்ப கேக்கறவங்களுக்குச் சில விஷயம். 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. சென்னை கே.கே. நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. முட்டுக்காடுல மத்திய அரசோட நிறுவனமும் இருக்கு. அஃபேசியா நிரந்தரமாயிட்டா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அதுவும் பேச்சு, மொழிக் குறைபாடாக் கணக்குல வரும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கே மூணு கேள்வி கேளுங்க. நடக்க யார் சொல்லித் தருவாங்க? கைக்கு யார்? பேச்சுக்கும் விழுங்குறதுக்கும் யார்? எங்களை மாதிரி ஆறு வாரம் விட்டுடாதீங்க.

அப்பா இன்னும் குழியில இறங்கல. இறங்குவாரான்னு தெரியாது. காலையில ராட்டை முன்னாடி உக்காந்து தார் சுத்துறார். அரை மணி நேரத்துல ரெண்டு தார். இழை அறுந்தா அம்மா கை தானா நீளும். அப்பா "வேணாம்"பார். அவரே முடிச்சுப் போடுற வரைக்கும் நாங்க காத்திருப்போம்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.