தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி எமது கரையோரங்களை அழித்ததை இச்சபையிலுள்ள மூத்தோர் மறந்திரார். அலைக்குத் தப்பியோர் பாடசாலைகளிலும் கோவில்களிலும் ஒதுங்கினர். அங்கே அவர்களை எதிர்நோக்கிய அடுத்த ஆபத்துக் குடிநீரே. கிழக்குக் கரையின் மணற்பாங்கான நிலத்து ஆழமற்ற கிணறுகளில் உப்புநீரும் அழுக்கும் நிறைந்துவிட்டன.

மக்கள் நெருங்கித் தங்குமிடத்தில் நீர் கெட்டால் நேர்வது யாது? 1994ஆம் ஆண்டில் ருவாண்டாவிலிருந்து ஓடிக் கோமா நகரையடைந்த அகதிகள், கீவு ஏரியின் நீரைச் சுத்திகரியாமலே பருகினர். கொலராவும் வயிற்றுளைவும் பரவின. முதல் மாதத்தில் மாத்திரம் ஏறக்குறைய 50,000 பேர் மாண்டனர். எமது நாட்டிலோ கடற்கோளின் பின் அத்தகைய கொள்ளைநோய் பரவவில்லை. பவுசர்களிற் கொண்டுவந்து குளோரீனிட்டு வழங்கிய நீரும் அதற்கு ஒரு காரணமாகும்.

வெளிற்றும் தூளை நீரிலிட்டால் அதிலுள்ள குளோரீன் கிருமிகளைக் கொல்வதோடு நில்லாது, சேற்றோடும் இலைதழை அழுக்கோடும் சேர்ந்தும் செலவாகிறது. ஆதலால் கலங்கல் நீரை முதலில் தெளியவைத்துத் துணியில் வடித்தல் வேண்டும். தூளையிட்டபின் அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். அதன்பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீனாவது எஞ்சி நிற்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சோதனைக் குளிகையை இட்டதும் நீர் இளஞ்சிவப்பாகுமானால் குளோரீன் எஞ்சியுள்ளது என்று அறியலாம்.

எஞ்சிய இப்பங்கே காவற்காரன். பவுசரில் தூயதாயிருந்த நீர், மூடாத வாளியிலே, குழந்தை கைவிட்டு அள்ளுகையிலே மீண்டும் கெடுகிறது. அப்போது உயிரைக் காப்பது இம்மிச்சமே.

ஆனால், "மருந்து மணக்குது" என்று அந்நீரைக் கொட்டிவிட்டுப் பழகிய கிணற்றை நாடுவோர் உளர். அவர்களை நாம் குறைகூறல் தகாது. நல்ல நீருக்கு மணமில்லையென்றே தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். அம்மணம் காவலின் அடையாளம் என்று அன்போடு எடுத்துரைப்பதே எமது கடமை. அளவறியாது தூளைக் கொட்டி, குடிக்கவியலாத நீராக்கி அவர்களை விரட்டுவதும் எமது குற்றமேயாகும்.

குளோரீன் உப்பை அகற்றாது. அதற்கு அடங்காத சில கிருமிகளும் உள. ஐயம் உண்டாயின் கொதிக்கவைத்தலே நன்று. திறந்து கிடக்கும் தூள் வீரியம் இழக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இளைஞர்களே! வெள்ளமும் புயலும் எமக்குப் புதியனவல்ல. அவை வந்தபின் கற்க நேரமிராது. எமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, அளக்கவும் சோதிக்கவும் இன்றே பழகுவோம். தாகத்தோடு வருபவருக்கு நீர் வார்த்தல் எம்முன்னோர் போற்றிய அறம். அந்நீர் நோய் தராதிருக்கச் செய்தல் அவ்வறத்தின் நிறைவாகும்.