தந்தையும் செய்ய வேண்டிய சத்தியம்



மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது அழகர்கோவில். ஆழ்வார்களால் பாடப்பெற்ற திருத்தலம் அது. சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகர் மதுரையை நோக்கிப் புறப்படுவதும் அங்கிருந்துதான். அக்கோயிலின் இராசகோபுர வாயிலில் மூடிய பெருங்கதவுகள் இருக்கின்றன. அக்கதவுகளையே பதினெட்டாம்படிக் கருப்பணசாமியாக மக்கள் வணங்குகின்றனர். கடன், நிலம், களவு என்று ஏதேனும் வழக்கு உண்டாகி, ஊரார் பேசியும் தீராதபோது, "கருப்பன் முன்னே சத்தியம் செய்வாயா?" என்று கேட்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். நெஞ்சில் பொய்யுள்ளவன் அப்படியண்டை நிற்க அஞ்சுவான்.

நான் ஞாயிறுதோறும் தேவாலயத்திற்குச் செல்பவன். என் வழிபாட்டு முறை வேறு. எனினும் அந்த மூடிய கதவு எனக்கு ஓர் உண்மையைக் கற்பித்திருக்கிறது. மனிதன் கடவுள் முன் நிற்பது ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு மட்டுமன்று, உறுதி கூறுவதற்குமாகும். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, விளையாட்டையும் குடும்பத்தையும் ஜெபத்தையும் பற்றிச் சில எண்ணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

போட்டிக்குப் புறப்படும் மாணவன் ஜெபம் செய்கிறான். அவன் தாயும் செய்கிறாள். என்ன கேட்கிறார்கள்? "எங்கள் அணி வெல்ல வேண்டும்" என்றுதான் கேட்கிறார்கள். அதே வேளையில் எதிரணி மாணவன் வீட்டிலும் ஒரு தாய் விளக்கேற்றியோ, முழங்காற்படியிட்டோ அதையே கேட்கிறாள். இருவர் வேண்டுதலும் தூயதே. ஆயினும் இரண்டும் ஒருங்கே நிறைவேற இயலாது. வெற்றியைத்தான் ஜெபத்தின் பயன் என்று கொண்டால், ஒவ்வொரு போட்டியின் முடிவிலும் ஒரு வீட்டார் தங்கள் ஜெபம் பொய்த்ததாக எண்ண நேரிடும் அன்றோ? எனவே ஆடுகளத்தில் ஜெபத்திற்கு வேறொரு பொருள் இருத்தல் வேண்டும்.

அப்பொருளைப் பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர். ஒலிம்பியாவில் அவர்களுடைய மன்றத்தில், இரு கைகளிலும் இடியேறு ஏந்திய சூஸ் தெய்வத்தின் சிலை ஒன்று இருந்தது. சத்தியத்தைக் காக்கும் தெய்வம் என்று அதனைப் போற்றினர். போட்டிகளுக்கு எவ்வகைத் தீங்கும் செய்வதில்லை என்று வீரர்கள் அதன் முன்னிலையில் சத்தியம் செய்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பௌசானியஸ் என்னும் பயண எழுத்தாளர் இதை விவரிக்கிறார். அவர் கூறும் செய்திகளுள் ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. சத்தியம் செய்தவர்கள் வீரர்கள் மட்டுமல்லர். அவர்களுடைய பயிற்சியாளரும், உடன்பிறந்தாரும், தந்தையரும் கூடவே நின்று சத்தியம் செய்தனர்!

இக்கால ஒலிம்பிக் பந்தயங்களில் வீரர்களின் உறுதிமொழி 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் நகரில் தொடங்கியது. நடுவர்களின் உறுதிமொழி 1972இலும், பயிற்சியாளர்களின் உறுதிமொழி 2012இலும் சேர்ந்தன. நம் அலங்காநல்லூரிலும் மாடுபிடி வீரர்கள் உறுதிமொழி ஏற்றே களத்தில் இறங்குகின்றனர். ஆனால் தந்தை மட்டும் இந்த வரிசையில் இல்லை.

அவன் இருக்க வேண்டியவன் என்பதே என் கருத்து. பல்லாண்டுகள் பள்ளி விளையாட்டு விழாக்களை நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓட்டம் முடிந்ததும் சில சிறுவர்கள் நடுவரைப் பார்ப்பதில்லை. கயிற்றுக்கு அப்பால் நிற்கும் தந்தையின் முகத்தைப் பார்க்கிறார்கள். தோற்ற மகனுக்கு அம்முகத்தில் அன்பு குறைந்து தெரியுமானால், அடுத்த ஆண்டு அவன் எப்படியாவது வென்றாக வேண்டும் என்று எண்ணுவான். அந்த 'எப்படியாவது' என்ற சொல்லிலேதான் வஞ்சனையின் வித்து இருக்கிறது.

இனி, தம் உறுதியின்படி வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றிக் கூறுகிறேன். 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடைபெற்றது. சென்னையில் 1920ஆம் ஆண்டு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் உடற்பயிற்சிப் பள்ளியை நிறுவிய ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், அப்பந்தயத்திற்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றிருந்தார். அதே பந்தயத்தில் பிரிட்டன் சார்பில் ஓட வந்தவர் எரிக் லிடல். இவர் ஸ்காட்லாந்து நாட்டு மிஷனரி தம்பதியரின் மகன். 1902இல் சீனாவில் பிறந்தவர். 100 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெல்லக்கூடும் என்று பலர் நம்பினர். ஆனால் அதன் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்று குறிக்கப்பட்டிருந்தது. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்பது அவருடைய உறுதி. எனவே 100 மீட்டரை விட்டார். ஞாயிறன்று வந்த தொடரோட்டங்களையும் விட்டார். 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டு, 47.6 விநாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார்.

இக்கதையை 1981இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற திரைப்படம் உலகெங்கும் பரப்பியது. படத்தில், கப்பலேறும் தறுவாயில்தான் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி அவருக்குத் தெரியவருகிறது. உண்மையோ வேறு. பல மாதங்களுக்கு முன்பே அவர் அட்டவணையை அறிந்தார். அப்போதே தம் முடிவைத் தெரிவித்தார். எஞ்சிய காலத்தில் 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார். அவரில்லாமலே ஓடிய பிரிட்டிஷ் தொடரோட்ட அணிகள் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பெற்றன. திரைக்கதையைக் காட்டிலும் இவ்வுண்மையே உங்களுக்குப் பயன்படும். மனச்சான்றின்படி நடக்க விரும்புவோன் அதனைக் கடைசி நேரத்தில் சொல்லித் தோழர்களைத் திகைக்க வைத்தலாகாது. பெயர்ப் பட்டியல் எழுதும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

இச்செய்தி என் வீட்டிலும் ஒருமுறை பயன்பட்டது. என் மகன் கல்லூரியில் கைப்பந்து அணியில் சேர்ந்தபோது, "அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். "தம்பி, ஆராதனை நேரத்தில் நானாக இருந்தால் ஆட மாட்டேன். ஆனால் என் உறுதியை உன் தலையில் ஏற்ற மாட்டேன். நீயே எண்ணி முடிவு செய். எந்த முடிவானாலும் இன்றைக்கே அணித்தலைவனிடம் சொல்லிவிடு" என்றேன். அவன் ஆடுவதில்லை என்று முடிவு செய்தான். அன்றே சொல்லியும் விட்டான். அதை அறிந்தே அவனை அணியில் வைத்துக்கொண்டார்கள்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிறு காலையில் வந்தது. ஆராதனை முடிந்ததும் மிதிவண்டியில் விரைந்து சென்று, கடைசி இரண்டு சுற்றுகளிலும் தோழர்களுக்குத் தண்ணீர் கொடுத்தும் பந்து பொறுக்கிப் போட்டும் நின்றான். அணி தோற்றது. முன்னரே சொல்லியிருந்தமையால் தோழர்கள் ஒருவரும் கடுஞ்சொல் கூறவில்லை. ஆயினும் அன்றிரவு அவன் உறங்காமல், "நான் ஆடாததால்தான் தோற்றோமா, அப்பா?" என்று கேட்டான். "இருக்கலாம், தம்பி" என்றேன். வேறென்ன சொல்வது? இல்லையென்று ஆறுதல் கூறினால் அது பொய்யாகும். உறுதிக்கு ஒரு விலை உண்டு. சில வேளைகளில் அவ்விலையை நம்மோடு பிறரும் கொடுக்க நேர்கிறது. அதை அறிந்தவனே தன் உறுதியைப் பற்றிச் செருக்கின்றிப் பேசுவான்.

லிடலின் வாழ்க்கை பாரிஸோடு முடிந்துவிடவில்லை. 1925இல் அவர் சீனா திரும்பி ஆசிரியரானார். 1941இல், போர் மேகம் சூழ்ந்த வேளையில், கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்கு அனுப்பினார். அங்குப் பிறந்த மூன்றாம் மகளை அவர் காணவே இல்லை. 1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அம்முகாமில் இருந்தனர். லிடல் அவர்களுக்குப் பாடம் சொன்னார், விளையாட்டுகள் நடத்தினார். ஞாயிறுகளில் மட்டும் நடத்துவதில்லை.

ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாமையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே நடுவராக வந்து நின்றார்! ஒலிம்பிக் பதக்கத்திற்காக அசையாத அந்த மனிதர், அடைபட்ட சிறுவர்கள் சண்டையின்றி ஆட வேண்டும் என்பதற்காகத் தம் நியமத்தை நெகிழ்த்தினார். 1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளைக் கட்டியினால், 43ஆம் வயதில் அம்முகாமிலேயே உயிர் நீத்தார்.

இவ்விரு செயல்களும் ஒன்றற்கொன்று முரணாகுமோ? ஆகா என்பேன். தமக்கு வரும் புகழைக் குறித்தபோது அவர் கண்டிப்பாக இருந்தார். பிறர் பிள்ளைகளின் நலத்தைக் குறித்தபோது இளகினார். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நமக்கு வேண்டிய இடத்தில் விதியைத் தளர்த்திக்கொண்டு, பிள்ளைகளிடம் அதனை இறுக்குகிறோம். தாம் பெற்ற மகளின் முகத்தைக் காணக் கொடுத்து வைக்காத அத்தந்தை, பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையாக நின்றார்.

மாணவர்களே, ஆட்டத்திற்கு முன் ஜெபம் செய்யுங்கள். கோயிலிலோ, பள்ளிவாசலிலோ, தேவாலயத்திலோ உங்கள் முறைப்படி செய்யுங்கள். ஆனால் வெற்றியைக் கேட்பதோடு நில்லாமல் வாக்கும் கொடுங்கள். "நடுவர் காணாவிடினும் நான் பொய்யாட்டம் ஆட மாட்டேன், வீழ்ந்த எதிரியைத் தூக்கிவிடுவேன், தோல்வியைப் பிறர்மேல் சுமத்த மாட்டேன்" என்று கூறுங்கள். இந்த ஜெபத்தை எதிரணியினரும் அதே வேளையில் செய்யலாம். இரண்டும் ஒருங்கே நிறைவேறும்.

இவ்வுரையைக் கேட்கும் தந்தையர்க்கும் ஒரு சத்தியம் உண்டு. "வென்றாலும் தோற்றாலும் என் பிள்ளை வீடு திரும்பும்போது என் முகம் ஒன்றுபோலவே இருக்கும். வெற்றிக்காக அவனைப் பொய் செய்யத் தூண்ட மாட்டேன். என் மனச்சான்றை அவன்மேல் சுமத்தாமல், அவன் மனச்சான்று வளர இடம் கொடுப்பேன்." ஒலிம்பியாவில் தந்தையர் நின்ற இடம் இன்று வெறுமையாக இருக்கிறது. அவ்விடத்தை ஒவ்வொரு வீட்டிலும், ஆட்டத்திற்குப் புறப்படும் பிள்ளையின் அருகில் நின்று, நாமே நிரப்பலாம்.