சாலைக்கு முன் தொல்லியல் ஆய்வு: தடையன்று, முதற்பணி

சாலையை அகலப்படுத்துமுன் அவ்வழியெங்கும் தொல்லியல் ஆய்வு நடத்துவது காலத்தையும் பணத்தையும் விழுங்கும் வீண்வேலை என்று எதிரணியினர் வாதிட்டனர். அவ்வாய்வு சாலைப்பணியின் முதற்கட்டமே என்பது இவ்வணியின் நிலை. அதற்குச் சான்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் ஹன்டிங்டனுக்கும் இடையே ஏ14 நெடுஞ்சாலையைச் சில பகுதிகளில் அகலப்படுத்தியும், ஹன்டிங்டனுக்குத் தெற்கே புறவழி அமைத்தும் மேம்படுத்திய, சுமார் 150 கோடி பவுண்டு மதிப்புள்ள திட்டம்.

அங்கே முதலில் காந்தப்புல அளவீடு போன்ற முறைகள் கையாளப்பட்டன. நெருப்பில் சுட்ட மண்ணும் தூர்ந்துபோன பள்ளங்களும் சுற்றியுள்ள நிலத்தினின்று சற்றே மாறுபட்ட காந்தத்தன்மை கொண்டிருப்பதால், தோண்டாமலேயே அவற்றின் இருப்பிடத்தைக் கருவி காட்டிவிடும். அடுத்து, குறுகலான சோதனைக் குழிகள் வெட்டப்பட்டு, சான்று தென்பட்ட இடங்களில் மட்டும் முழு அகழாய்வு நடந்தது. இவ்வாறு 33 இடங்களில், சுமார் 360 ஹெக்டேர் பரப்பில், 250 பேர் வரை பணியாற்றி, புதிய கற்கால வட்டச் சின்னங்கள் மூன்றையும், ரோமானியர் காலத்து மட்பாண்டச் சூளைகள் சுமார் நாற்பதையும், இடைக்காலத்தில் கைவிடப்பட்ட ஓர் ஊரையும் வெளிக்கொணர்ந்தனர்.

வேலையின்போது ஏதேனும் கிடைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே என்று எதிரணியினர் கேட்டனர். கிடைப்பது பானையாகவோ பொற்காசாகவோ இருக்குமென்ற நினைப்பில் எழுந்த கேள்வி அது. பழங்கால வீட்டின் தூண் மக்கிப்போனபின் எஞ்சுவது, வெளிறிய மண்ணுக்கு நடுவே கருத்த மண்வட்டம் ஒன்றுதான்; பொக்லைன் ஒருமுறை வாரினால் அதுவும் போய், அங்கே வீடு இருந்ததையே எவரும் அறியமாட்டார். ஏ14 வழித்தடத்தில் கிடைத்த கருகிய துணுக்குகள் அதனினும் சிறியவை. நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்தபோது, துளைகள் நிறைந்த அமைப்பும், உடைந்த தானியமும் தவிடும் தென்பட்டன. நுண்மாவு மட்டும் இல்லை. அவை ரொட்டியின் எச்சமல்ல, பீர் காய்ச்சியதன் எச்சமே என்று ஆய்வாளர் முடிவுசெய்ததால், அம்மண்ணில் கி.மு. 400 அளவிலேயே மது காய்ச்சும் வழக்கம் இருந்தமை தெரியவந்தது. எந்த இயந்திர ஓட்டுநரின் கண்ணுக்கு இது தப்பியிருக்காது?

ஆய்வைத் தள்ளிப்போட்டால் செலவு குறையும் என்பதும் தவறான கணக்கு. 1989இல் லண்டனில் அலுவலகக் கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்ட பின்னரே, ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டதால், நடிகர்களும் மக்களும் திரண்டு போராட, கட்டடத்தின் வடிவத்தையே மாற்ற நேர்ந்தது. மறு ஆண்டே, திட்டத்துக்கு அனுமதி தருவதற்கு முன்னரே தொல்லியல் மதிப்பீடு வேண்டும் என்ற வழிகாட்டுதலை அந்நாட்டு அரசு கொண்டுவந்தது.

அகழாய்வும் ஒருவகை அழிப்பே என்ற எதிரணியின் கூற்று உண்மைதான். தோண்டிய குழியை மீண்டும் தோண்ட இயலாது. பதிவுசெய்யப் போதிய அவகாசம் தர வேண்டும் என்பதற்கு அதுவே வலுவான காரணம் என இவ்வணி கருதுகிறது. அவகாசம் தந்தால் சாலை தாமதமாகும் என்ற அச்சம் இன்னும் எஞ்சியிருப்பின், இத்தனை அகழாய்வுக்கும் பிறகு ஏ14 சாலை குறித்த காலத்துக்குப் பல மாதங்கள் முன்னதாகவே, 2020 மே மாதத்தில், முழுமையாகப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதை எதிரணியினர் கருத்தில் கொள்ள வேண்டும்.